பளிச்சக்கா துடைத்து வைத்த காற்று

ரொட்டித் தொழிற்சாலையின் மாவறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் அந்தப் பெண்மணிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் பளிச்சக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, யாரும் சொல்லாமல் ஏணி போட்டு ஏறி, மாவு படிந்து மங்கிக் கிடந்த குழல்விளக்கைத் துடைத்துவிட்டார். அடுத்த அறையிலிருந்து தட்டுகளை எடுக்க வந்த அடுப்புக்காரர் கண் கூசி வாசலிலேயே நின்றார். "என்ன இது, இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு" என்று அவர் சொன்ன சொற்களில் ஒன்று மட்டும் அங்கேயே தங்கிப் பெயராகிவிட்டது.

சுத்தம் பளிச்சக்காவுக்கு ஒரு பழக்கம் அன்று. கூடப் பிறந்த குணம். கை துடைக்கும் துணிக்கும் இஸ்திரி போடுவார். கணவர் ஓட்டும் பள்ளி வேனைக் கணவர் கழுவி முடித்த பிறகு, 'நனைத்தது போதும், இனி நான் கழுவுகிறேன்' என்று வாளியை வாங்கிக்கொள்வார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் நாற்காலியைக் கண்ணாலேயே ஒருமுறை துடைத்துவிடுவார் என்று, மாடி வீட்டில் குடியிருக்கும் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பளிச்சக்கா அதை மறுத்ததில்லை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். தமக்கு அது பத்தொன்பது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

மாவறை பெரிய அறை அன்று. நடுவில் பிசையும் இயந்திரம். அதன் வாய், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் அகலம். சுவரோரமாக மாவுச் சாக்குகள். ஒரே ஒரு சன்னல். காற்று பட்டால் பிசைந்த மாவின் மேல்தோல் காய்ந்துவிடும் என்பதால் அது எப்போதும் மூடியே இருக்கும். காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணிவரை, பளிச்சக்கா நாற்பது சாக்குகளைப் பிரிப்பார். தையலை அறுப்பது, இயந்திரத்தின் வாயில் சாய்ப்பது, பிறகு காலிச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறுவது. அந்த மூன்று உதறல் மேற்பார்வையாளரின் சட்டம். ஒரு பிடி மாவுகூடச் சாக்கோடு வெளியே போகக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஒவ்வோர் உதறலுக்கும் ஒரு வெண்மேகம் எழும். அது மெல்ல இறங்கி எல்லாவற்றின் மேலும் அமரும். பளிச்சக்கா உலர்ந்த தூரிகையால் அதைத் தட்டிவிடுவார். இயந்திரத்தின் இடுக்குகளில் காற்றுக் குழாயை வைத்து ஊதுவார். எழுந்ததை அமர விட்டு, அமர்ந்ததை மறுபடி எழுப்பி, எட்டு மணி நேரமும் மேகத்தோடு கண்ணாமூச்சி. எழுவதற்கும் அமர்வதற்கும் நடுவே அந்த மாவு எங்கே போய் வருகிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அது அவர் நெஞ்சுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. பதினெட்டாம் ஆண்டில் தும்மலாகத் தொடங்கியது, பத்தொன்பதாம் ஆண்டில் இளைப்பாயிற்று. நாத்தனார் வீட்டுக்கு இருபது படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய ஒலி ஒன்று கூடவே வந்தது.

நாத்தனார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். "நீங்க வர்றது கீழேயே கேட்டுடுச்சு அண்ணி. இன்னும் ஒரு விசில் வந்தா எறக்கிடலாம்னு நிக்கிறேன்."

விசித்திரம் என்னவென்றால், விடுமுறை நாளில் அந்த ஒலி வருவதில்லை. வேலைக்குப் போனால்தான் இளைக்கிறது என்பதிலிருந்து பளிச்சக்கா ஒரு முடிவுக்கு வந்தார்: உடம்பு சோம்பேறியாகிவிட்டது, அதை இன்னும் கொஞ்சம் வேலை வாங்கவேண்டும். இந்த வைத்தியத்தை அவர் இரண்டு மாதம் செய்து பார்த்தார். நோய் முற்றியதுதான் மிச்சம். பிறகு கணவர் அவரைப் பிடித்து வேனில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோய் இறக்கினார்.

மருத்துவர் ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னார். முழு மூச்சோடு மூன்று முறை ஊதியும் குழாயின் அளவுமுள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. லீவு நாளில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார் பளிச்சக்கா.

"அப்போ வியாதி உங்க வீட்டுல இல்லம்மா, வேலையில இருக்கு. வயித்துக்குப் போனா மாவு சாப்பாடு. நெஞ்சுக்குள்ள போனா அதுவும் தூசுதான். நெஞ்சு அதை இப்போ விரோதியா நெனைக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணு, நீங்க அந்த அறையை மாத்தணும். இல்ல, அந்த அறையோட காத்தை மாத்தணும்."

மருந்தும் முகமூடியும் தந்து, தொழிற்சாலைக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார்.

மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் அல்லர். எதையும் விதியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் செய்கிறவர், அவ்வளவுதான். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு கோப்பைப் பிரித்து விளக்கினார். மாவுத் தூசுக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். தொழிலாளி மூச்சு விடும் உயரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில், எட்டு மணி நேரச் சராசரியாக, இத்தனை மில்லிகிராமுக்கு மேல் தூசு மிதக்கக்கூடாது. அளந்து பார்த்து அதற்கு மேல் இருந்தால், இயந்திரத்தின் வாய்க்கு மேல் தூசு உறிஞ்சும் கூண்டு ஒன்றை நிர்வாகம் பொருத்தியே ஆகவேண்டும். எல்லைக்குள் இருந்தால், அறையின்மேல் குற்றமில்லை. அப்போது பளிச்சக்காவைப் பொட்டலப் பிரிவுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பொட்டலப் பிரிவு என்றாலே பளிச்சக்காவுக்கு ஆகாது. அங்கே ரொட்டியைப் பைக்குள் தள்ளி, வாயைத் திருகி, வில்லை ஒட்டவேண்டும். நாள் முழுக்க அதுதான். மாவறையில் அவர் செய்வதோ வேறு. இயந்திரத்தின் உறுமலைக் கேட்டே மாவு இளகிவிட்டதா என்று சொல்லிவிடுவார். மழைநாளில் எத்தனை குவளை தண்ணீர் குறைப்பது, வெயில் நாளில் எத்தனை கூட்டுவது என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. எந்தத் தாளிலும் இல்லை. அந்த அறையைவிட்டுப் போனால் தாம் வெறும் ஆளாகிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே காற்றை அளக்கப்போகிறார்கள் என்பது அவருக்குப் பற்றிக்கொள்ளக் கிடைத்த கயிறு.

வியாழக்கிழமை அளக்க வருவதாகப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

இங்கேதான் பளிச்சக்கா ஒரு காரியம் செய்தார். வேறு யாராக இருந்தாலும் செய்திருக்கமாட்டார்கள். தமது பிழைப்பு அந்த அளவில் தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் புதன்கிழமை மாலையே அவர் நினைவெல்லாம், வெளியாள் ஒருவர் தம் அறையைப் பார்க்க வருகிறார் என்பதிலேயே நின்றது. அதற்கப்பால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சுவர்களை ஈரத்துணியால் துடைத்தார். தரையைக் கழுவினார். எண்ணெய் விட்டு, சாமர்த்தியம் செய்து, ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த சன்னலையும் திறந்துவிட்டார். அறை, பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி வைத்த வீடு போல மின்னியது.

அளக்க வந்தவர் அரசு அலுவலகத்திலிருந்து வந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைப் பளிச்சக்காவின் இடுப்பில் கட்டினார். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாயைத் தோள்வழியே கொண்டுவந்து, பொத்தான் போன்ற சிறு கிண்ணம் ஒன்றைச் சட்டைக் கழுத்தில் குத்தினார். பெட்டி காற்றை இழுக்கும்; கிண்ணத்துக்குள் இருக்கும் வட்டத் தாளில் தூசு தங்கும்; தாளின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பிறகு பார்ப்பார்கள். முகமூடி போட்டிருந்தாலும் கிண்ணம் வெளியில் இருப்பதால் கணக்குத் தவறாது என்றும் சொன்னார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அதையும் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பளிச்சக்கா வேலையைத் தொடங்கினார்.

அன்று மாவைக் கொட்டவில்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலக் கிடத்தினார். காலிச் சாக்கு ஒன்றைக்கூட உதறவில்லை. மடித்து, ஓரம் சேர்த்து, வெளியே அடுக்கினார். காற்றுக் குழாயைக் கையில் எடுக்கவேயில்லை; அளவுக்காரப் பெண் எதிரே புழுதி பறக்க விடுவதாவது. எட்டிப்பார்த்த மேற்பார்வையாளர், உதறாத சாக்குகளைக் கண்டும் காணாததுபோலப் போய்விட்டார். அடுப்புக்காரர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தாம் ஏன் கழற்றினோம் என்று தமக்கே தெரியாமல் விழித்தார்.

இரண்டு மணிக்குப் பெட்டியைக் கழற்றும்போது அளவுக்காரப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தினமும் இப்படித்தான் வேலை செய்வீங்களா அக்கா?"

"பத்தொம்பது வருஷமா இப்படித்தான்" என்றார் பளிச்சக்கா, ஒரு கணமும் யோசிக்காமல்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. மாவறைத் தூசு, எல்லையில் மூன்றில் ஒரு பங்கு. பலகையில் ஒட்டிய தாளைப் பளிச்சக்கா மூன்று முறை படித்தார். மனம் குளிர்ந்துபோயிற்று. மாலையில் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னார்: சட்டம் நூறு பங்கு தூசுக்கு இடம் கொடுக்கிறது, தம் அறையில் முப்பத்துமூன்றுதான். கணவர் மெச்சினார். அப்போது நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு அண்ணியிடம் திரும்பினார்.

"அப்போ கூண்டு கிடையாது. நீங்க எப்போ அண்ணி பொட்டலம் கட்டப் போறீங்க?"

பளிச்சக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். தம் விரலே தம் கண்ணைக் குத்தியது, அதுவும் சோப்புப் போட்டுக் கழுவிய விரல்.

மறுநாள் மேற்பார்வையாளரும் அதையே சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பொட்டலப் பிரிவு. நடுவில் இருந்தது எட்டு நாள். அந்த எட்டு நாளில் ஐந்து நாளைப் பளிச்சக்கா ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக் கழித்தார். 'அன்று நான் சொன்னது பொய், என் அறையில் எப்போதும் மாவு பறக்கும்.' எவ்வளவு சிறிய வாக்கியம். துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்தார்; தொண்டையைத் தாண்டவில்லை. பிறர் வீட்டுத் தூசைப் பற்றி அவர் வாழ்நாளில் எத்தனையோ பேசியிருக்கிறார். தம் வீட்டுத் தூசைப் பற்றிப் பேச நாக்குப் பழகவில்லை.

ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது கணவர் மெல்லச் சொன்னார். "உன் அறை அழுக்குன்னு சொல்ல வெக்கமா இருக்கு, சரி. ஆனா அழுக்கு உன் அறையிலயா இருக்கு? நீதான் அதையெல்லாம் மூச்சுல வாங்கி உள்ள வெச்சிருக்கியே."

 மறுநாள் இடைவேளையில் பளிச்சக்கா, அறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அளவுக்காரப் பெண்ணின் குரல் கேட்டதும், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஈரத்துணி, சன்னல், உதறாத சாக்கு, ஊதாத குழாய், பத்தொன்பது வருடப் பொய். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேலிச் சிரிப்பு அன்று. ஆறுதல் அடைந்தவரின் சிரிப்பு.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம் அக்கா. சன்னல் கீல்ல எண்ணெய் சொட்டிட்டு இருந்தது. நாப்பது சாக்குலயும் அடியில மாவு அப்படியே இருந்தது. ஆனா வேலை செய்யறவங்களே தினமும் இப்படித்தான்னு சொன்னப்புறம், நான் என்ன எழுத முடியும்?"

அன்றைய வேலை வழக்கமான வேலை அன்று என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தால், அந்த அளவு செல்லாது. மறுபடி அளக்க முடியும் என்றார் அவர். வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லமாட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கூட்டியும் செய்யக்கூடாது, குறைத்தும் செய்யக்கூடாது. இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவைத்தார். எல்லை என்பது சுவர் அன்று. அதற்குக் கீழே இருந்தால் எல்லாருக்கும் நலம் என்று பொருளில்லை. ஏற்கெனவே மாவு ஒத்துக்கொள்ளாத நெஞ்சு, எல்லைக்குக் கீழேயும் இளைக்கலாம்.

பளிச்சக்கா எழுதிக் கொடுத்தார். எழுத்துப்பிழை இல்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்றாம் முறை எழுதிய படியைக் கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். நல்ல பெயர் வாங்கிய பிறகு யாராவது வலியப் போய்க் கெட்ட பெயர் வாங்குவார்களா என்று கேட்டார். விதியில் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், மறுபடி அளக்கும்வரை இடமாற்றத்தை நிறுத்திவைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அளவுக்காரப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றார். முகமூடி அணிந்துகொண்டு, இடுப்பில் பெட்டியோடு நின்ற பளிச்சக்காவுக்கு அதைப் போலக் கடினமான நாள் அதற்குமுன் வாய்த்ததில்லை. ஓரத்தில் கிடந்த ஈரத்துணி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்காரரிடம் கொடுத்தார். "இதை நீங்க வெச்சிருங்கண்ணே. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

அவர் அதைத் தம் தோளில் போட்டுக்கொண்டார். பத்து மணிக்குப் பளிச்சக்கா போய்க் கேட்டார், கொடுக்கவில்லை. பதினொன்றரைக்கு, இயந்திரத்தின் கைப்பிடியை மட்டும் துடைத்துவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கேட்டார். அடுப்புக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அவரே வெளியே வந்து, ஒரு யோசனை சொன்னார். எப்படியும் கூண்டு வரவேண்டும் என்றுதானே இவ்வளவும். சாக்கை மூன்றுக்குப் பதில் பத்து முறை உதறினால் கதை முடிந்ததே.

"ஒரு தடவை பொய் சொல்லிப் பட்டது போதும்ணே. மூணுன்னா மூணுதான்."

நாற்பது சாக்கு, சாக்குக்கு மூன்று உதறல். உலர்ந்த தூரிகை, காற்றுக் குழாய், மூடிய சன்னல். இரண்டு மணிக்கு அளவுக்காரப் பெண் கிண்ணத்தைத் திறந்தபோது, வட்டத் தாளின் மேல் வெள்ளை படிந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. பளிச்சக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இந்த முறை அறிக்கை, எல்லையைப் போல் இரண்டரை மடங்கு என்று சொன்னது. சாக்கு உதறலும் காற்றுக் குழாயுமே பெரும் பங்குக்குக் காரணம் என்றும் சொன்னது. பலகையில் அது மற்றவர் கண்ணில் படும்படி நடுவில் ஒட்டப்பட்டிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். பளிச்சக்கா தலை குனிந்து அதைக் கடந்து போனார். கடந்த பிறகு, சற்றுத் தள்ளி நின்று, கூண்டு பொருத்தவேண்டும் என்று எழுதியிருந்த கடைசி வரியை மட்டும் எட்டிப் படித்துக்கொண்டார்.

கூண்டு வர நான்கு வாரம் ஆகும். அதுவரை அவர் அந்த அறையில் நிற்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், எந்தப் பொட்டலப் பிரிவுக்கு அஞ்சி இத்தனையும் செய்தாரோ, அங்கேயே நான்கு வாரம் உட்கார்ந்து பையின் வாயைத் திருகினார். மூச்சு லேசாயிற்று. மனம்தான் கனத்தது. அவருக்குப் பதிலாக மாவறையில் மூச்சுக் கருவியோடு நிறுத்தப்பட்ட ஆள் பிசைந்த ரொட்டிகள், கல் கல்லாக வந்துகொண்டிருந்தன. பைக்குள் தள்ளும்போதெல்லாம் பளிச்சக்கா அவற்றைத் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு ஒலியில்லாமல் வந்ததைப் பக்கத்திலிருந்தவர்கள்தாம் கவனித்தார்கள்.

ஐந்தாம் வாரம் திரும்பினார். இயந்திரத்தின் வாய்க்கு மேல், கவிழ்த்த புனல் போலத் தகரக் கூண்டு ஒன்று தொங்கியது. காற்றுக் குழாயை எடுத்துவிட்டு, தூசு உறிஞ்சும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். சாக்குகளை உதறாமல் சுருட்டி வெளியே அனுப்பவேண்டும் என்று மேற்பார்வையாளரே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். ஒட்டிவிட்டு அதை அவரே இரண்டு முறை படித்துப் பார்த்ததாக அடுப்புக்காரர் சொன்னார். மறுபடி அளந்ததில் அளவு எல்லைக்கு வெகு கீழே வந்திருந்தது. மருத்துவர் மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: முகமூடி கட்டாயம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதிக் காட்டவேண்டும், இளைப்புத் திரும்பினால் அன்றே அறையைவிட்டு வெளியேறவேண்டும். பளிச்சக்கா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு பத்தொன்பது ஆண்டு முழுதாகக் கிடைக்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. மூன்று மூன்று மாதமாக வந்தாலும் போதும் என்றிருந்தது.

முதல் சாக்கின் தையலை அறுத்து, இயந்திரத்தின் வாயில் சாய்த்தார். வெண்மேகம் வழக்கம்போல எழுந்தது. எழுந்த வேகத்தில் கூண்டின் பக்கம் வளைந்து, வால் ஒடுங்க உள்ளே போய்விட்டது. அவர் இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன் உறுமலைக் கேட்டார். நான்கு வாரமாக அதை ஓட்டிய ஆள் எழுதி வைத்த தண்ணீர் அளவைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி, மாவில் இரண்டு விரலை அழுத்தி எடுத்தார்.

"தண்ணி பத்தல" என்றார். "இன்னும் ரெண்டு குவளை ஊத்தணும்."

ஊற்றினார். உறுமல் இளகியது. அடுப்பறையிலிருந்து, தட்டுகளைத் தயார் செய்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது.